மூன்று வீட்டுப் பிள்ளைகள்

என் அப்பா ராஜபார்ட். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பொட்டலில் மேடை போட்டு, இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடப்பது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்துப் போன பாட்டுகள்தான் அதற்கு அஸ்திவாரம். நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் கிடையாது. நாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், நாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனையும் டான்ஸையும் வேறு எங்கிருந்தோவும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை என்பதே இல்லை. பின்பாட்டுக்காரர் என்கிற ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்தால் ஆரம்பித்துவிட வேண்டியதுதான்.

‘வள்ளி திருமணம்’ நோட்டீஸில் அப்பாவின் போட்டோவுக்குக் கீழே ‘வேலன், வேடன், விருத்தன்’ என்று அச்சடித்திருக்கும். மூன்றும் அவரே. அஞ்சு கட்டையில் அவர் எடுத்தால் மைக் செட்காரர் சத்தத்தைக் குறைத்துவைப்பார் என்று சொல்வார்கள். மேடையில் கேள்வியும் பதிலுமாக நடக்கும் தர்க்கத்தில் அவரை மடக்கியவர்கள் குறைவு. ஊருக்குள் வந்து இறங்கினால் டீக்கடைக்காரர் காசு வாங்கமாட்டார். இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் பகலெல்லாம் தூங்கும் ஓர் உருவம். காதோரத்தில் துடைத்தும் போகாத அரிதாரம், தேங்காய் எண்ணெய் வாசனை. சாயங்காலம் எழுந்து, தினசரி காலண்டரில் எழுதிவைத்திருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எங்களோடு அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு நாடகத்துக்குக்கூடக் காணாது.

அவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது. அவரோடு பல மேடைகளில் வள்ளியாக நடித்தவருடைய வீடு. அங்கே ஒரு பெண் குழந்தை. இதை எனக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முருகனுக்கு ரெண்டு சம்சாரம் என்பதை வைத்து பபூன் மேடையில் ஒரு போடு போடுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், அப்பாவும் சிரிப்பார். அம்மா நாடகம் பார்க்கப் போவதை எப்போதோ விட்டிருந்தாள்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். அப்பாவுக்குக் குரல் தளர்ந்து, நாடகம் ஒத்துக்கொள்வதை நிறுத்திய பிறகு, அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கலாம் என்று தோன்றியது. கேமரா கையில் இருந்தது. ஆளும் வீட்டில் இருந்தார். ஆனால் கேமராவை ஆன் செய்த மாத்திரத்தில் அவர் தோள் நிமிரும், தொண்டை திறக்கும், வேடன் வந்து உட்கார்ந்துகொள்வான். ஹரிச்சந்திரா மயான காண்டத்தில் அழவைத்த கதை, பாம்பு மேடையேறிய கதை, மழையிலும் கலையாத கூட்டத்தின் கதை. எல்லாம் அருமையான கதைகள். எல்லாம் ஏற்கெனவே பலமுறை சொல்லித் தேய்ந்தவை. ஒரு நாள் துணிந்து புதுக்கோட்டையைப் பற்றிக் கேட்டேன்.

“தர்க்கத்துல எதிராளி கேக்குற கேள்விக்குப் பதில் தெரியலன்னா என்ன செய்யணும் தெரியுமாடா?”

“தெரியாதுப்பா.”

“நாமளும் ஒரு கேள்வி கேக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சாப்பிட்டியா?” என்றார்.

அதோடு அன்றைய படப்பிடிப்பு முடிந்தது.

இப்படிச் சிக்கிக்கொண்டு நின்ற சமயத்தில்தான் கட்டடக்கலை படித்த நண்பர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். ‘மை ஆர்க்கிடெக்ட்’, 2003-ல் வந்தது, 116 நிமிடம். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பட்டியல்வரை போன படம். எடுத்தவர் நத்தேனியல் கான். படத்தின் நாயகர் அவருடைய அப்பா லூயி கான். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான கட்டடக் கலைஞர்கள் என்று விரல் விட்டு எண்ணினால் அதில் வரக்கூடியவர்.

1974 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த 73 வயது மனிதர் ஒருவர், நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் கழிப்பறையில் மாரடைப்பு வந்து செத்துப்போகிறார். பாஸ்போர்ட்டில் விலாசம் அடித்து நீக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் உடலைத் தேடி யாரும் வரவில்லை. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தையும் டெக்சாஸின் கிம்பெல் அருங்காட்சியகத்தையும் கட்டியவர். டாக்காவில் அவர் வரைந்த நாடாளுமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவருடைய அலுவலகத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் டாலர் கடன் இருந்தது.

நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. அதில் மனைவி எஸ்தரின் பெயர் இருந்தது, மகள் சூ ஆன் பெயர் இருந்தது. அவ்வளவுதான். கானோடு சேர்ந்து வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஆன் டிங்குக்கும் அவருக்கும் பிறந்த அலெக்ஸாண்ட்ரா பெயர் இல்லை. நிலவமைப்புக் கலைஞர் ஹேரியட் பாட்டிசனுக்குப் பிறந்த நத்தேனியல் பெயரும் இல்லை. அப்போது அந்தப் பையனுக்குப் பதினோரு வயது. படத்தின் தொடக்கத்தில், வளர்ந்து ஆளான அந்தப் பையன் பழைய பத்திரிகையின் மைக்ரோஃபிலிமைத் தள்ளித் தள்ளித் தன் பெயரைத் தேடுகிறார். நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

இரவு ஒரே மூச்சில் பார்த்து முடித்ததும் எனக்குப் புரிந்தது இதுதான்: செத்துப்போன அப்பாவிடம் கேள்வி கேட்க முடியாது என்பதே அந்தப் படத்துக்குக் கிடைத்த பெரிய வரம். அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் நத்தேனியல் கேட்கிறார். ஐ.எம். பெய், பிலிப் ஜான்சன், ஃபிராங்க் கேரி மாதிரி பெரிய தலைகளிடம் கேட்கிறார். கார் ஓட்டத் தெரியாத அப்பாவை ஏற்றிப்போன பிலடெல்பியா டாக்சி டிரைவர்களிடமும் கேட்கிறார். கானைக் கண்டாலே ஆகாத நகரத் திட்டக்காரர் எட்மண்ட் பேகனைக் கேமராவுக்கு முன்னால் கத்தவிடுகிறார். கானின் திட்டங்கள் நடைமுறைக்கு உதவாதவை என்று அந்தக் கிழவர் போடுகிற சத்தத்தை அவர் வெட்டவில்லை. நம் ஊரில் ஒரு மேதையைப் பற்றிய படத்தில் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பேசினவர் வீட்டுக்குக் கல் போயிருக்கும்.

அப்புறம் ஒரு படகு. கான் வடிவமைத்த, இசைக் கச்சேரி நடத்துகிற மிதவை. அதை நடத்துகிறவர் கானைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டே போகிறார். பேட்டி எடுக்கிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் அவருடைய மகன் என்று நத்தேனியல் சொன்னதும் அந்த மனிதரால் பேச முடியவில்லை. கண் நிறைந்துவிடுகிறது. சின்ன வயதில் அப்பாவும் மகனும் சேர்ந்து கிறுக்குப் படகுகள் என்று ஒரு படப் புத்தகம் வரைந்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு அப்பாவிடமிருந்து தனியாகக் கிடைத்த சொத்து அதுதான்.

மறுநாள் அம்மாவை உட்கார்த்திவைத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. மாடியில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காங்கிரீட் வளைவும் செங்கல் வட்டமும் அவளை ஒன்றும் செய்யவில்லை. மனிதர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கானுக்கு மூன்று வயதில் அடுப்புத் தணல் பட்டு முகமெல்லாம் தழும்பு. 1906-ல் எஸ்தோனியாவிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். படிக்கிற காலத்தில் ஊமைப்படத் தியேட்டரில் பியானோ வாசித்துச் சம்பாதித்திருக்கிறார். “நம்ம பின்பாட்டுக்காரரு மாதிரி” என்றாள் அம்மா. ஐம்பது வயதுவரை பெரிதாக எதுவும் கட்டியிராத அவருக்கு அந்தக் காலமெல்லாம் வீட்டுச் செலவுக்கு மனைவி எஸ்தரின் சம்பளம் ஆதாரமாக இருந்தது என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செங்கல்லைப் பார்த்து நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று கேட்க வேண்டும், அது வளைவாக ஆசைப்படுகிறேன் என்று சொல்லும் என்று கான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பழைய காட்சி ஒன்று வரும். அதை மொழிபெயர்த்ததும் சிரித்துவிட்டாள்.

“செங்கல்லுக்கிட்டப் போயி விசாரிச்ச மனுசன், பெத்த புள்ளைகள ஒரு வார்த்த கேட்டாரா?”

உலகம் முழுக்க அந்தப் படத்துக்கு விமரிசனம் எழுதியிருக்கிறார்கள். இதைவிட நறுக்கென்று ஒன்றை நான் படித்ததில்லை.

ஹேரியட் வரும் இடத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாரத்தில் எப்போதாவது சாயங்காலம் கான் வருவார். சாப்பிடுவார், பையனோடு விளையாடுவார். இரவானதும் ஹேரியட் அவரைக் காரில் கொண்டுபோய் மனைவி வீட்டுப் பக்கம் விட்டுவிட்டு வருவார். பாஸ்போர்ட்டில் விலாசத்தை அடித்தது எங்களோடு வந்து இருக்கத்தான் என்று ஹேரியட் கடைசிவரை நம்புகிறார். மகன் அதை நம்பவில்லை என்பது அவர் கேட்கிற தொனியிலேயே தெரிகிறது. ஆனாலும் அம்மாவின் நம்பிக்கையைப் பிடுங்கவில்லை. படம் அதைச் சொல்லவிட்டு நகர்ந்துவிடுகிறது.

“பொண்டாட்டி எங்க? அந்தம்மாகிட்ட ஒண்ணும் கேக்கலியா?” என்றாள் அம்மா.

எஸ்தர் 1996-லேயே இறந்துவிட்டார் என்றேன்.

“அதானே பாத்தேன். கேக்க வேண்டிய ஆள் போனப்பறம்தான் எல்லாரும் கேமராவைத் தூக்கிட்டு வாறீக” என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்துப் பதிவுசெய்தேன். தான் கட்டின கதையாக இல்லாமல், பட்ட கதையாகச் சொன்னாள். சீட்டுப் பணம், அடகுக் கடை, மழைக்காலத்தில் நாடகமே இல்லாத மாதங்களில் அவள் அப்பளம் இட்டுச் சமாளித்தது. அப்பாவை ஒரு சொல் ஏசவில்லை, புகழவும் இல்லை. என் படத்தில் இன்றைக்கும் உருப்படியான பகுதி அதுதான்.

பிறகு பின்பாட்டுக்காரரிடம் போனேன். நாடகம் முடிந்து விடிகாலையில் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொள்கிற அப்பா, அவர் கையில் பெட்டியைக் கொடுத்து, வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிய நாள்களைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெட்டி முன்னால் வந்து அப்பா பின்னால் வருகிற நாள்கள் எனக்கு நினைவிருந்தன. காரணம் அன்றுதான் தெரிந்தது. அவரே புதுக்கோட்டைத் தங்கச்சியின் போன் நம்பரைக் கொடுத்தார். “நான் குடுத்தேன்னு சொல்லாதப்பா.”

தங்கச்சி ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். போனில் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள், ஏதோ நேற்றும் பேசியவள் மாதிரி. நேரில் போனபோது அவளுடைய அம்மா வாசல்வரை வந்து, வாங்க தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தங்கச்சியிடம் இருந்த அப்பா எனக்குத் தெரியாதவர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பரோட்டா பிய்த்துப் போட்டு ஊட்டியவர். பொறாமை வந்தது. ஆனால் அவள், “எனக்கும் ரெண்டு நாள்தாண்ணே இருப்பாரு. மூணாவது நாள் ஒங்க வீட்டுக்குப் போயிருவாரு, நான் அழுவேன்” என்றாள். எங்கள் வீட்டில் அவர் இல்லாத நாளெல்லாம் அங்கே இருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். அங்கேயும் அவர் இல்லை. பெரும்பாலும் அவர் மேடையில்தான் இருந்திருக்கிறார்.

‘மை ஆர்க்கிடெக்ட்’டில் இதே இடம் உண்டு. கான் கட்டிய ஃபிஷர் வீட்டில் மூன்று தாய்மாரின் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, நாம் ஒரு குடும்பம்தானா என்று வாய்விட்டே கேட்டுக்கொள்கிறார்கள். புல்லாங்குழல் கலைஞர் சூ ஆன், ஓவியர் அலெக்ஸாண்ட்ரா, படம் எடுக்கிற தம்பி. அப்பா அவர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததே இல்லை. அவர் செய்யாததைக் கேமரா செய்கிறது. பெற்றவரைப் பற்றிப் பிள்ளை எடுக்கிற படத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுத ஊரில் ஆள் இருக்கிறது. அவர் தனித்தனி அறைகளில் பூட்டிவைத்த மனிதர்களை ஒரு கூடத்துக்கு அழைத்துவர வீட்டுப் பிள்ளையால்தான் முடியும்.

அப்பா உயிரோடிருக்கும்போது எடுப்பது வேறு மாதிரிப் பாடு. அதற்கும் ஒரு படம் பார்த்தேன். இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லரைப் பற்றி அவர் மகன் மார்க் 2004-ல் எடுத்த ‘டெல் தெம் ஹூ யூ ஆர்’. கேமராவை எங்கே வைக்க வேண்டும், எப்போது ஓட்ட வேண்டும் என்று அப்பா மகனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். மகன் எரிச்சலை மறைக்கவில்லை. அந்தச் சண்டையே படமாகிவிடுகிறது. நானும் அதற்கப்புறம் அப்பா, “இந்தப் பக்கம் லைட்டு பத்தலையேடா, மூஞ்சி கருப்படிக்கும்” என்று சொல்வதையெல்லாம் வெட்டாமல் வைத்தேன். ராஜபார்ட் வேஷத்தைக் கலைத்துக் காட்டு என்று அவரிடம் கெஞ்சுவதை விட்டேன். அவருக்கு அந்த வேஷமும் நிஜம்தான்.

இடையில் அகமதாபாத் மணிநகரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாண வீடியோ வேலை வந்தது. மணிநகரில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். முகூர்த்தம் முடிந்த மறுநாள், அங்கே படித்துக்கொண்டிருந்த நம்மூர்ப் பையன் ஒருவன் உதவியால் ஐ.ஐ.எம். வளாகத்துக்குள் போனேன். விக்ரம் சாராபாயும் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்னின்று தொடங்கிய நிறுவனம். 1962-ல் கட்டடம் கட்டக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியை அணுகியபோது, இதற்கு என் குரு மாதிரியான கானைக் கூப்பிடுங்கள் என்று விலகி நின்று துணையிருந்தவர் தோஷி. அவருக்கே 2018-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

நான் கட்டடம் படித்தவனில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், ஆள் உயரத்துக்கும் மேலே வட்ட வட்டமாக ஓட்டை விட்ட செங்கல் சுவர்கள். பூச்சு கிடையாது. வளைவின் இரு காலும் விலகிவிடாமல் குறுக்கே ஒரு காங்கிரீட் கட்டை கட்டிப்போட்டிருக்கிறது. சுவருக்கும் அறைக்கும் நடுவில் நிழல் ஒரு தாழ்வாரம் மாதிரி ஓடுகிறது. கால் வைத்ததும் சூடு குறைகிறது. பையன்கள் எல்.கே.பி. என்று சுருக்கிச் சொல்லும் லூயி கான் பிளாசாவின் புல்தரையில் நாலைந்து பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து கிளம்பிப் போனவர்தான் வீடு போய்ச் சேரவில்லை என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே இன்னொன்றும்: அந்த மனிதர் வீட்டிலிருந்திருந்தால் இந்த நிழல் இங்கே இருந்திருக்காதோ?

இந்தக் கேள்வி ஆளைக் கவிழ்க்கிற கேள்வி. ‘மை ஆர்க்கிடெக்ட்’டின் கடைசிப் பகுதி டாக்காவில் நடக்கிறது. அந்த நாடாளுமன்றத்தை ஏழை உழைப்பாளிகள் மூங்கில் சாரம் கட்டி, காங்கிரீட்டைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டிக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் 1971 வங்கதேசப் போர். கான் செத்துச் சில ஆண்டுகள் கழித்து, 1980-களில்தான் வேலை முழுதாக முடிந்தது. அங்கே கட்டடக் கலைஞர் ஷம்சுல் வாரேஸ் கண்கலங்கிப் பேசுகிறார். உலகத்தின் மிக ஏழை நாட்டுக்கு இவ்வளவு பெரிய கொடையைக் கொடுத்துவிட்டுப் போனார், எல்லாரையும் நேசிக்கிற மனிதருக்குச் சில நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை, நீங்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற பொருளில் மகனிடம் சொல்கிறார். பார்க்கிற எல்லாரும் அழுகிற இடம். நானும் அழுதேன்.

அம்மா அழவில்லை. “அவரு சொல்லுறது அவருக்குச் சரி. அவரு ஊருக்குக் கட்டிக் குடுத்திருக்காரு, கும்புடுறாரு. மன்னிக்கிறது யாரு வேல? கடன் குடுத்தவுகல்ல தள்ளுபடி பண்ணணும்?”

நான் இதைப் பல நாள் யோசித்தேன். நத்தேனியலுடைய படத்தின் நேர்மை அங்கேதான் இருக்கிறது. வாரேஸ் மன்னிக்கச் சொல்கிறார். படம் அதைக் காட்டுகிறது. அதற்கு முன்னால் ஆன் டிங்கைத் தாம் கானோடு சேர்ந்து உழைத்த டிரென்டன் குளியல் கூடத்துக்கு அழைத்துப்போய், பாழடைந்து கிடக்கிற சுவரைக் காட்டியதும் அதே படம்தான். 1953-ல் கர்ப்பமான டிங், ஊர் வாய்க்குப் பயந்து ரோமாபுரிக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டார். கட்டடம் கானின் பெயரில் நிற்கிறது. டாக்காவின் வரவைக் காட்டி டிரென்டனின் பற்றைப் படம் அடித்துவிடவில்லை. இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. சிறந்த மனிதர்களைப் பற்றி நாம் எழுதும்போது செய்கிற பிழை இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுக் கூட்டிக் கழிப்பது. கலைக்காகக் குடும்பத்தைத் தியாகம் செய்தார் என்று எழுதிவிடுகிறோம். தியாகம் செய்யப்பட்டவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்பதில்லை.

அப்பா ஒரு ஆடி மாதத்தில் போனார். நாடக நடிகர் சங்கத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முன்னால் போக, ஊர்வலமாகத்தான் கொண்டுபோனோம். புதுக்கோட்டையிலிருந்து தங்கச்சி தன் புருசனோடு வந்து கூட்டத்தோடு கூட்டமாகத் தெரு முனையில் நின்றாள். நான் போய்க் கூட்டிவந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சுவரெங்கும் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அம்மா பெயரும் எங்கள் பெயரும் இருந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ள பேரையும் போடு.”

நான் பேனாவை நிறுத்தினேன்.

“அந்த வெள்ளக்காரப் பையன் மாதிரி நாளைக்கு ஒரு காயிதத்தத் தேடிக்கிட்டுத் திரிய வேணாம். மகள்னு போடு.” கொஞ்ச நேரம் கழித்து, “புள்ள பேரு மட்டும்” என்றாள்.

அந்தக் கடைசி மூன்று சொல்லையும் நான் மறைக்க விரும்பவில்லை. தங்கச்சியின் அம்மா பெயர் அந்தப் பத்திரிகையில் இல்லை. என் அம்மாவிடம் அதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. பத்திரிகை கைக்குக் கிடைத்த அன்று தங்கச்சி போன் செய்தாள். பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டிருக்கிறீர்கள் அண்ணே என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

படத்தை ஒருவழியாக முடித்து, சங்கரதாஸ் சுவாமிகள் குருபூஜையின்போது சங்கத்து ஆட்களுக்கு முதலில் போட்டுக் காட்டினேன். அப்பா பாடுகிற இடங்களில் கைதட்டினார்கள். தங்கச்சி பேசும் இடத்தில் இரண்டு மூன்று மூத்த நடிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். “கலைஞனக் கலைஞனாப் பாக்கணும் தம்பி, வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது” என்றார் ஒருவர். ஒரு மூத்த ஸ்திரீபார்ட் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க கதைய எடுக்க எங்க புள்ளைகளுக்குத் தைரியம் வருமா?” என்று கேட்டார். ராஜபார்ட்டுகளின் பிள்ளைகள் பெருமையாகவாவது வாய் திறப்போம். ஸ்திரீபார்ட்டுகளின் பிள்ளைகளுக்கு அதுவும் லேசில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படம் இன்னும் வரவில்லை.

கானின் பிள்ளைகளைப் பற்றிக் கடைசியாக ஒரு செய்தி. 2020 டிசம்பரில் அகமதாபாத் ஐ.ஐ.எம். நிர்வாகம், கான் கட்டிய 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. இடிக்காதீர்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியவர்களில் சூ ஆன், அலெக்ஸாண்ட்ரா, நத்தேனியல் மூவரும் இருந்தார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகள், ஒரே கடிதம். 1974-ல் பத்திரிகை ஒருவரை மட்டும் பிள்ளையாகக் கணக்கில் எடுத்தது. 46 வருஷம் கழித்து அப்பாவின் செங்கல்லுக்காக மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 2021 ஜனவரி முதல் தேதி நிர்வாகம் முடிவைத் திரும்பப் பெற்றது. 2022-ல் மறுபடியும், புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்றது. கட்டடத்துக்கு உத்தரவாதம் இல்லை. பிள்ளைகள் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

உங்கள் வீட்டிலும் ஊர் கொண்டாடுகிற ஒருவர் இருக்கலாம். வாத்தியாராக, டாக்டராக, கட்சிக்காரராக, கொத்தனாராக. படம் எடுக்கக் கேமராகூட வேண்டாம், போன் போதும். அவரிடம் கேளுங்கள், அவர் தர்க்கம் செய்வார், செய்யட்டும். அவரோடு வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். அவருக்காக அப்பளம் இட்டவளிடம் கேளுங்கள். நோட்டீஸில் பெயர் வராதவர்கள் எங்காவது இருந்தால் அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.